டிராக்டரை இழுக்கப் போகும் இதயம்

மாலைகளின் கனத்தால் கழுத்தைத் திருப்ப முடியாமல் நேரே பார்த்து அமர்ந்திருக்கும் விழாக்குழுத் தலைவர், பெரியவர் கோவிந்தசாமி அவர்களே! அம்மனுக்கு அருகில் நிற்கும் காரணத்தாலேயே எங்களையெல்லாம் அதட்டும் உரிமை பெற்ற பூசாரி ஆண்டி ஐயா அவர்களே! காலையெல்லாம் கூழ் வார்த்துக் கை ஓய்ந்தும், மாலையில் முன்வரிசை பிடிக்கக் கால் ஓயாத தாய்மார்களே! வெள்ளாற்றுக் காற்று வாங்கியபடி, பேச்சு பிடிக்காவிட்டால் நழுவுவதற்கு வசதியாக வண்டியை ஸ்டார்ட்டிலேயே வைத்திருக்கும் அண்ணன்மார்களே! பெண் கொடுத்த வீட்டுத் திருவிழாவுக்கு வராமல் இருந்தால் பேச்சு வரும் என்று புவனகிரியிலிருந்தும் வடலூரிலிருந்தும் வந்திருக்கும் சம்பந்திகளே! அதோ, சந்தனம் பூசி, மாவிலைத் தோரணம் கட்டி நிறுத்தியிருக்கும் டிராக்டரின் மேல் ஏறி அமர்ந்திருக்கும் இளைஞர்களே! தயவுசெய்து இறங்குங்கள். நாளைக் காலை முதுகில் கொக்கி மாட்டி, அந்த டிராக்டரைச் செடல் இழுக்கப் போகிறவர் என் கணவர். இருக்கிற எடை போதும்.

இறங்கிவிட்டீர்களா? நன்றி.

நிறைவாக, மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, 'இவ இன்னா பேசப் போறாளோ' என்று நிற்பவரே! இந்தப் பந்தலுக்கும், இந்த ஒலிபெருக்கிக்கும், எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் உரிமையாளரே! மூன்று வாரத்துக்கு முன்னால் மாரடைப்பில் விழுந்து எழுந்தவரே! என் கணவர், என் மாமா செம்பியன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் வெண்மதியின் மாலை வணக்கம்.

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு, பெண் கல்வியின் பெருமை. அந்தத் தலைப்பில் பேசத்தான் வந்தேன். ஆனால் அந்த டிராக்டரைப் பார்த்ததும் வாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது. தலைவர் மன்னிக்க வேண்டும். ஒரு பெண் கற்ற கல்வி அவள் கணவனைக் காப்பாற்றுமா, காப்பாற்றாதா? இன்று இந்த மேடையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஆகவே தலைப்பை விட்டு நான் வெகுதூரம் போய்விடவில்லை.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உடலியக்கவியல் சொல்லித் தருகிறேன். மாரடைப்புக்குப் பிறகு இதயத் தசைக்கு என்ன ஆகிறது என்று எலிகளை வைத்து ஆராய்ந்து பட்டம் வாங்கினேன். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் ஒன்று. இந்த ஊர் கொடுத்த பட்டம் இன்னொன்று. என்ன பட்டம்? கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆம், எலி டாக்டர்! இந்த ஊரில் தலைவலி என்றால் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவார்கள். நெல் மூட்டையில் எலி புகுந்தால் என்னிடம் வருவார்கள்.

வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எலியை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு மாமாவே நடித்துக் காட்டியிருப்பார். அவரைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த வலியை நடித்துக் காட்டியதில் அவர் பட்ட சிரமம், மாரடைப்பில்கூடப் பட்டிருக்க மாட்டார்! அண்ணாகிராமத்துப் பெரியப்பா பலாப்பழத்தோடு வார்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு ஒரு காட்சி. பலாப்பழத்தைப் பறிமுதல் செய்ய வந்த நர்சம்மாவுக்கு ஒரு காட்சி. பக்கத்துக் கட்டில்காரரே மாரடைப்பு நோயாளி. அவருக்கும் ஒரு காட்சி!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு திருமணம். பந்தல் நம்முடையது. விடிந்து வெயில் ஏறும் நேரம், முகப்பு வளைவில் பூச்சரம் சரிந்துவிட்டது என்று மாமா ஏணியில் ஏறினார். நெஞ்சின் நடுவில் கல்லை ஏற்றி வைத்தது போல ஒரு பாரம். இடது தோளில் வலி. உடம்பெல்லாம் வியர்வை. இறங்கினார். உட்கார்ந்தாரா? இல்லை. யாரையாவது கூப்பிட்டாரா? இல்லை. ஏன்? அவர் வாயாலேயே கேளுங்கள்.

"இன்னும் தாலி கட்டல. அந்நேரத்துல பந்தக்காரன் நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சான்னா, கல்யாண வூட்டுல இன்னா நெனப்பாங்க? பொண்ணு ராசியில்லாதவன்னு அந்தப் புள்ளய ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

கேட்டீர்களா? பந்தல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல இவர் வியர்த்து வழிந்திருக்கிறார். அந்தக் கல்யாண வீடியோவை நான் பார்த்தேன். மாப்பிள்ளையைவிட அதிகமாக வியர்த்தவர் என் கணவர்தான்! கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அதன் பிறகுதான், கூட வந்திருந்த நம் டிராக்டர்காரர் அறிவழகன் அண்ணனைக் கூப்பிட்டு, "மச்சான், நெஞ்சு வலிக்குதுடா, சத்தம் போடாத" என்றார்.

யாரோ பெற்ற பெண்ணின் பெயர் கெடக்கூடாது என்று தன் இதயத்தைக் காக்க வைத்த மனிதர். அதை நினைத்தால் எனக்குப் பெருமை வருகிறது. அந்தப் பெருமையோடு கூடவே, ஒரு கரண்டியை எடுத்து மண்டையில் போடலாமா என்றும் வருகிறது.

ஏன் தெரியுமா? நம் ஊர் கடைமடை. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலே வாய்க்காலில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் கீழே பயிர் என்ன ஆகும்? காயும். இதயமும் அப்படித்தான். இரத்தக் குழாய்தான் வாய்க்கால். தசைதான் வயல். அடைத்த சில நிமிடங்களிலேயே தசை சுருங்குவதை நிறுத்திவிடுகிறது. அரைமணி நேரத்தில் சாகத் தொடங்குகிறது. தாமதிக்கத் தாமதிக்க, சாவு உள்ளிருந்து வெளியே பரவுகிறது. காய்ந்த வயலில் அடுத்த போகம் நடலாம். இதயத்தில் மறுநடவு உண்டா? கிடையாது. செத்த தசை செத்ததுதான். அந்தக் கெட்டிமேளத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் செத்த தசை, இனி எந்த மேளத்துக்கும் எழுந்து வராது.

கடலூரில் முதல் ஊசி போட்டு, ஆம்புலன்சில் சிதம்பரம் கொண்டுவந்து, அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியேதான் இந்த டிராக்டர் பிறந்தது!

மாமாவின் அக்கா மங்கலம் அண்ணி முன்வரிசையில் இருக்கிறார்கள். அண்ணி, கோபப்படாமல் கேளுங்கள். தம்பி உள்ளே. கதவு மூடியிருக்கிறது. அண்ணி முந்தானையை ஏந்திக்கொண்டு அம்மனிடம் பேச்சுவார்த்தை தொடங்கினார்கள். "தாயே, எந்தம்பி கண்ணத் தொறந்தா கூழு ஊத்துறேன்." கதவு திறக்கவில்லை. "மொட்ட போடுவான் தாயே." கதவு திறந்தது! ஒரு நர்சம்மா வந்தார், டீ வாங்கப் போனார். கதவு மூடியது. "அலகு குத்துவான்டியம்மா!" அசையவில்லை. அண்ணி கண்ணை இறுக மூடி, குரலை உயர்த்தி, "செடல் போட்டு டிராக்டரு இழுப்பான், எந்தாயே!" என்றார்கள். டாக்டர் வெளியே வந்தார். "அடைப்பு எடுத்தாச்சு" என்றார்.

அன்பர்களே, இன்னும் ஐந்து நிமிடம் கதவு மூடியிருந்தால், நாளைக்கு என் கணவர் ஜேசிபி இழுக்க வேண்டியிருந்திருக்கும்!

ஒன்று கவனித்தீர்களா? மொட்டை யாருக்கு? தம்பிக்கு. அலகு யாருக்கு? தம்பிக்கு. செடல் யாருக்கு? தம்பிக்கு. என்ன அண்ணி சொல்கிறீர்கள்? "நான் கூழு ஊத்தலையா?" ஊற்றினீர்கள் அண்ணி, ஊரே குடித்தது. அண்டா மட்டும் தம்பி கடையிலிருந்து வந்தது.

சிரிக்கிறோம். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த வராந்தாவில் நான் சிரிக்கவில்லை. அண்ணிக்காவது அம்மனிடம் பேச வாய் இருந்தது. எனக்கு இருந்தது படிப்பு மட்டும்தான். மறுநாள் எக்கோ எடுத்தார்கள். திரையில் மாமாவின் இதயம். எல்லாச் சுவரும் உள்ளே வந்து போகிறது; முன்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் சும்மா நிற்கிறது. அப்படிப்பட்ட சுவரை நான் எத்தனையோ எலிகளில் பார்த்திருக்கிறேன். 'ஆய்வு மாதிரி நன்றாக வந்திருக்கிறது' என்று மாணவர்களிடம் மகிழ்ந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்தபோது, நான் படித்த ஒவ்வொரு பக்கமும் எனக்கு முன்னால் வந்து நின்று, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தொடங்கியது. தெரியாமல் பயப்படுவது ஒரு வகை. தெரிந்து பயப்படுவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு ஆறுதல் சொல்ல ஆள் கிடைக்காது.

சரி, சரி, முன்வரிசையில் கண்ணைத் துடைக்காதீர்கள். ஆள் அதோ நிற்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். அதுதான் இப்போது பிரச்சினையே!

மாமா என்ன சொல்கிறார்? "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே! மூச்சு வாங்கல, வலி இல்ல, பசி ஜாஸ்தியா எடுக்குது. கல்லு மாதிரி இருக்கேன்." டாக்டர் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று சொன்னார் அல்லவா என்று கேட்டேன். அதற்கு என் கணவர் சொன்ன பதிலை வக்கீல்கள் குறித்துக்கொள்ளலாம். "தூக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு? இழுக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

கல் மாதிரி இருக்கிறாராம். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

தசை செத்ததும் முதலில் வருவது யார்? வெள்ளணுக்கள். கூட்டமாக வருகின்றன. செத்ததைத் தின்கின்றன, சிதைந்ததை அள்ளுகின்றன. கூடவே சில நொதிகள் வந்து, தசைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த பழைய கட்டுகளையும் அறுக்கின்றன. அந்தக் கட்டுக்குக் கொலாஜன் என்று பெயர். கயிறு போன்ற ஒரு புரதம். ஆக, முதல் வாரம் முழுவதும் இடிப்பு வேலை! ஆள் கட்டிலில் உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்று சிரிக்கிற அதே வாரத்தில்தான் அந்தச் சுவர் எல்லாவற்றையும்விட மெத்தென்று இருக்கிறது. நோயாளிக்கு வலி போய்விடுகிறது. இதயத்துக்கு வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

பிறகு நார்ச்செல்கள் வருகின்றன. புதுக் கொலாஜன் நூற்கின்றன. முதலில் மெல்லிய இழை. பிறகு தடித்த இழை. அதற்கும் பிறகு, இழையோடு இழையைப் பிணைக்கும் குறுக்குக் கட்டுகள். மாமா, இது உங்கள் தொழில். முதலில் சணல், அப்புறம் கயிறு, கடைசியில் முடிச்சு. மூன்று வாரத்தில் உங்கள் இதயத்தில் கயிறு வந்திருக்கிறது. முடிச்சு இறுகவில்லை. நான் கேட்கிறேன், முடிச்சு இறுகாத பந்தலில் நீங்கள் உங்கள் ஆட்களை ஏற விடுவீர்களா?

தலையாட்டுகிறார். ஏற விட மாட்டாராம். எல்லாரும் பார்த்தீர்கள் அல்லவா? சாட்சி!

போன ஐப்பசியில் கடலூரில் ஒரு வரவேற்பு. அடைமழை. பந்தல் துணியில் ஓரிடம் லேசாகத் தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதால் இன்னும் தொய்ந்தது. இன்னும் தொய்ந்ததால் இன்னும் தண்ணீர். கடைசியில் என்ன ஆயிற்று? மாப்பிள்ளை வீட்டார் தலையில் மொத்தமாகக் கொட்டியது! இட்ட பவுடர் கரைந்து, சித்தப்பா யார் பெரியப்பா யார் என்று தெரியாமல் போனது.

இதயத்திலும் அதே கதைதான். வடு விழுந்த இடம் தானாகச் சுருங்காது. மற்ற தசை சுருங்கும்போது, உள்ளேயிருக்கும் அழுத்தம் அந்த இடத்தை வெளியே தள்ளுகிறது. தள்ளத் தள்ள அது மெலிகிறது. மெலிய மெலிய அறை பெருக்கிறது. அறை பெருக்கப் பெருக்க, சுவரின் மேல் இழுவிசை கூடுகிறது. கூடிய இழுவிசை சுவரை மேலும் மெலிய வைக்கிறது. நீண்டு கூம்பியிருந்த இதயம் உருண்டையாகிறது. உருண்டையான இதயம் வலுவாக அடிக்காது. படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். டிராக்டரை முக்கி இழுக்கும்போது என்ன ஆகும்? இரத்த அழுத்தம் எகிறும். மழை எங்கே கொட்டும்? தொய்ந்த இடத்தில்!

பின்வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார், "மீதி நல்ல தசை இருக்குதில்ல, அது பாத்துக்காதா?" அருமையான கேள்வி. பார்த்துக்கொள்ளும் அண்ணே, பார்த்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் இரண்டு மடங்கு உழைப்பது போல. உயிரோடு இருக்கும் தசைச் செல்கள் நீள்கின்றன, பருக்கின்றன. செல்லுக்குள்ளே டைட்டின் என்று ஒரு புரதம், சுருள்வில் போல. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். ஓயாத சுமையில் அந்த வில்லின் இறுக்கமே மாறிப்போகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால்சியத்தை உள்ளே இழுத்துத் தசையைத் தளர்த்தும் பம்பு ஒன்று உண்டு, அது சோர்கிறது. இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். அந்தச் செல்கள், தாய் வயிற்றில் இருந்த காலத்தில் செய்த புரதங்களை மறுபடியும் செய்யத் தொடங்குகின்றன. ஆம், அம்மாமார்களே! அடிபட்ட இதயம் சிசுவாகிவிடுகிறது!

என் வீட்டைப் பாருங்கள். உள்ளே இதயம் சிசு. வெளியே ஆளும் சிசு. "கஞ்சி வேணாம்." "கறி எங்க?" "மாத்திர கசக்குது." ஐம்பதை எட்டப் போகும் ஒருவரைத் துரத்தித் துரத்தி மாத்திரை கொடுக்கும் தாயாக நான்.

மாத்திரை என்றதும் நினைவு வந்தது. போன வாரம் மாமா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏன்? கடைத்தெருவில் ஒருவர் அட்டையைப் பார்த்து, "இது பிரஷர் மாத்திர ஆச்சே, உனக்குத்தான் பிரஷரே இல்லியே" என்றாராம். அவ்வளவுதான், விட்டது கவலை! அன்பர்களே, அது பிரஷருக்கும் கொடுக்கிற மாத்திரைதான். ஆனால் இவருக்குக் கொடுத்தது பிரஷருக்காக இல்லை. இதயம் அடிபட்டதும் உடம்பு பதறி, 'இன்னும் இறுக்கு, இன்னும் வேகம்' என்று சில சுரப்புகளை ஊற்றுகிறது. அந்தப் பதற்றம் நாள்கணக்கில் நீடித்தால் இதயத்தை உருண்டையாக்குவது அதுதான். மாத்திரை அந்தப் பதற்றத்தை அடக்குகிறது. தொய்ந்த துணியைக் கழியால் தூக்கிவிட்டுத் தண்ணீரை வழியவிடுகிறீர்களே மாமா, அந்தக் கழிதான் இந்த மாத்திரை. மழை நிற்குமுன் கழியை எடுப்பீர்களா?

தாய்மார்களே, பெரியோர்களே, இப்போது நான் சொல்லப் போவது அவருக்குப் பிடிக்காது. இந்த மனிதருக்கு விளங்காமல் இல்லை. நான் சொன்ன அத்தனையும் வீட்டில் கேட்டு முடித்துவிட்டார். அவருக்கு வேண்டுதல் மட்டும் காரணமில்லை. அவருக்கு இருப்பது பயம். என்ன பயம் என்றால்...

...

ஒலிபெருக்கி ஏன் நின்றது? கேட்கிறதா? பின்னால் கேட்கிறதா? கேட்கவில்லை. மாமா! வயரைப் பிடுங்கியது யார்? கரண்ட் போகவில்லை, சீரியல் விளக்கு எரிகிறது! பூசாரி ஐயா, கொஞ்சம் அந்த வயரை... ஆம், அதுதான், அந்தக் கறுப்பு.

நன்றி. வந்துவிட்டது. மனைவி பேசும்போது மைக்கை அணைக்கும் வசதி உலகத்தில் எத்தனை கணவர்களுக்கு வாய்க்கும்? அது இருந்தும் மூன்று நொடிதான் தாக்குப்பிடித்தார்!

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். ஆவணி பிறந்தால் கல்யாணக் காலம். வழக்கமாக நம்மிடம் பந்தல் சொல்கிற இரண்டு வீட்டார் இந்த முறை வேறு ஆளிடம் சொல்லிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. "பாவம், ஒடம்பு முடியாதவர எதுக்கு அலைய வெக்கிறது" என்ற நல்ல எண்ணம். அந்த 'பாவம்' இருக்கிறதே, அது அடைப்பைவிட ஆழமாக அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. 'செம்பியன் முடிஞ்சான்' என்று ஊர் நினைக்கிறது என்று அவர் நினைக்கிறார். டிராக்டரை இழுத்துக் காட்டினால் ஊர் வாயை மூடும் என்று நினைக்கிறார். அம்மனுக்காக ஒரு அடி இழுப்பார். மீதி அடியெல்லாம் உங்களுக்காக!

அவர் என் பக்கமே பார்க்கவில்லை. தரையைப் பார்க்கிறார். மாமா, நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ராத்திரி தனியாகத் தூங்காமல் புரள்கிற அந்தப் பயத்தை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நாலு பேர் நடுவில் உட்கார வைக்கிறேன். அவ்வளவுதான். உங்களையே கேட்கிறேன் ஊராரே! பந்தல் ஏறுவதற்கு அவரிடம் ஆட்கள் இல்லையா? இருக்கிறார்கள். எந்தக் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று காற்றைப் பார்த்துச் சொல்ல அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்? கையைக் காட்டினால் போதாதா? வாயைத் திறந்தால் போதாதா? அதற்கு முதுகில் கொக்கி வேண்டுமா?

தலைவர் ஏதோ சொல்கிறார். மாலையை ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள் ஐயா. "ஆவணியில எம்பேத்தி கல்யாணம். பந்தலு செம்பியன்தான். அவன் நாக்காலி போட்டு உக்காந்து சொன்னாப் போதும், நாம்ப வேற ஆளு பாக்கறதா இல்ல." கேட்டதா மாமா? எல்லாருக்கும் கேட்டதா? இன்னொரு தடவை மைக்கில் சொல்லச் சொல்லலாமா? வேண்டாம், பேரனுடைய கல்யாணத்தையும் சேர்த்துவிடப் போகிறார்.

இனி மங்கலம் அண்ணி. அண்ணி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். நான் வேண்டுதலைக் கேலி செய்ய வரவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே நீங்கள் இருந்த இருப்பை நான் பார்த்தவள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் அம்மனிடம் என்ன கேட்டீர்கள்? தம்பி பிழைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அம்மன் காது கொடுத்தாளா? கொடுத்தாள். வேலையைத் தொடங்கினாளா? தொடங்கினாள். முடித்துவிட்டாளா?

முடிக்கவில்லை அண்ணி. இதோ, நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அந்த நெஞ்சுக்குள் வேலை நடக்கிறது. இழை இழையாக நூற்கப்படுகிறது. முடிச்சு முடிச்சாகப் பிணைக்கப்படுகிறது. மேலே அது துடித்துக்கொண்டே இருக்க, ஒரு நொடி நிறுத்தாமல், ஓடுகிற வண்டியிலேயே சக்கரம் மாட்டுகிற வேலை. அதைச் செய்வது யார்? என் புத்தகத்தில் அவர்களுக்கு வாயில் நுழையாத புரதப் பெயர்கள் உண்டு. நீங்கள் அம்மன் என்பீர்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. பெயர் எதுவானாலும், வேலை பாதியில் இருக்கிறது. அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டா? பாதியில் இருக்கும் வேலையில் போய்ப் பாரத்தை ஏற்றலாமா? அம்மன் கட்டிக்கொண்டிருக்கிற சுவரை, அம்மன் பேரைச் சொல்லி, அம்மன் திருவிழாவில், அம்மன் கண் முன்னாலேயே, நாம் இடிக்கலாமா?

இடிக்கலாமா, தாய்மார்களே?

அறிவழகன் அண்ணன் கை தூக்குகிறார். டிராக்டர்காரர், அவருக்கும் பேச உரிமை உண்டு. "காப்புக் கட்டியாச்சே! கட்டிட்டுப் பின்வாங்கினா தெய்வக் குத்தம் ஆவாதா?" பூசாரி ஐயா பதில் சொல்லிவிட்டார், மைக்குக்கே வேலை வைக்காமல்! "கட்டினவன் நானு. எந்தக் குத்தமும் வராது. மஞ்சத்துணி கட்டி, வேப்பல புடிச்சி, கூட நடந்து வந்தாப் போதும். நீ ஒன் வண்டியப் பாரு." பிறகென்ன அண்ணே!

அண்ணி எழுந்துவிட்டார்கள். அமைதி, அமைதி. சொல்லுங்க அண்ணி.

"ஏ வெண்மதி, அம்மாவுக்கு வேல முடிய இன்னும் எவ்ளோ நாளு ஆவும்?"

வடு உறுதிப்பட இரண்டு மாதமாவது ஆகும் அண்ணி. அதற்குப் பிறகும் இதயம் புது நிலைமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். நடக்க வைத்து, ஓட வைத்து, டாக்டர் பார்த்துச் சொல்வார்.

"அப்ப அடுத்த ஆடி."

டாக்டர் சரி என்றால், அண்ணி.

"வேணான்னா?"

வேணாம் என்றால்...

"வேணான்னா நான் இழுக்கறன். வேண்டிக்கினது நான்தான? ஆனா ஒண்ணு. இன்னிலேர்ந்து ரெண்டு வேளையும் நான் வந்து நின்னு அவன் மாத்திர முழுங்கறதப் பாப்பன். நாக்கத் தூக்கச் சொல்லிப் பாப்பன்!"

கை தட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்! எலியாராய்ச்சிக்கு அரசாங்கம் இத்தனை ஆண்டு உதவியதே, அதனால் விளைந்த மிகப் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பு எங்கள் அண்ணிதான்! அறிவழகன் அண்ணன் கத்துகிறார், "அண்ணி, ஒங்களுக்கு டிராக்டரு வேணாம், நான் ஷேர் ஆட்டோ கொண்டாறன்!" அண்ணி செருப்பைத் தேடுகிறார்கள். அண்ணே, ஓடிவிடுங்கள்.

இனி ஒருவர் மட்டும்தான் பாக்கி. ஊர் சொல்லிவிட்டது. பூசாரி சொல்லிவிட்டார். அக்கா சொல்லிவிட்டார். கொக்கி ஏறப் போகிற முதுகு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா, உங்கள் முதுகு, உங்கள் இதயம். நான் எத்தனை படித்திருந்தாலும் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இழுக்கிறேன் என்றால், நாளைக்கு நான் கொக்கியைப் பிடித்துத் தடுக்க மாட்டேன். பக்கத்திலேயே நடந்து வருவேன். கையில் ஆம்புலன்ஸ் நம்பரோடு நடந்து வருவேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

வருகிறார். வழி விடுங்கள். படியில் மெதுவாக வாங்க மாமா, நின்று, நிதானமாக. யாரும் தூக்க வேண்டாம், அவரே ஏறுவார். இந்தாங்க மைக்.

"நாளைக்கு நான் இழுக்கல."

...

"கூட நடந்து வரன்."

...

திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. கொடுக்கும்போது என் காதில், "மைக்கப் பாத்துப் புடி, புதுசு" என்றார். அதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அன்பார்ந்த பெரியோர்களே! இந்த மாவட்டத்தில் எத்தனையோ மேடைகளைக் கட்டியவர் இவர். மந்திரிகளுக்குக் கட்டினார், மணமக்களுக்குக் கட்டினார், கூத்துக்குக் கட்டினார், கருமாதிக்கும் கட்டினார். ஒரு மேடையிலும் இவர் ஏறிப் பேசியதில்லை. முதன்முதலாக ஏறினார். ஏறி, தன்னால் இன்றைக்கு முடியாது என்பதை ஊரறியச் சொன்னார். டிராக்டரை இழுக்கத் தோளும் முதுகும் போதும். இந்த இரண்டு வரியை இத்தனை பேர் முன்னால் சொல்ல எது வேண்டும்? அது இவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எக்கோவில் தெரியவில்லை. இங்கே தெரிந்துவிட்டது.

பெண் கல்வியைப் பற்றிப் பேச அழைத்து, அதைத் தவிர எல்லாவற்றையும் பேச விட்ட தலைவருக்கும், வயரைச் செருகிய பூசாரி ஐயாவுக்கும், வாக்கைத் தன் தோளில் வாங்கிக்கொண்ட அண்ணிக்கும், பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளைக் காலை ஊர்வலத்தில் சந்திப்போம். நாங்கள் இருவரும் மெதுவாகத்தான் நடப்போம். முந்திப் போகிறவர்கள் தாராளமாக முந்திப் போகலாம்.

வணக்கம்.